போனஸ் பணமும் விளையாட்டுப் பெட்டியும்

நெருளிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதமே இக்கட்டுரை எழுதக் காரணம். துறைமுகம் சார்ந்த நிறுவனமொன்றில் பணிபுரியும் அவருக்குத் தீபாவளி போனஸாக அறுபதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன் புதிய வீடியோ கேம் கன்சோல் ஒன்று வேண்டுமென்று கேட்கிறான். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். வரும் ஜூனில் கல்லூரிக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். போனஸைத் தொடக்கூடாது என்பது மனைவியின் கருத்து. அவர் தவறாகச் சொல்லவில்லை என்பது வாசகருக்கும் தெரிந்தே இருக்கிறது. ஆயினும் கடிதத்தின் இறுதியில் வேறொன்றையும் குறிப்பிட்டிருக்கிறார். மகனின் நண்பர்கள் மாலையில் அடுத்த செக்டரில் உள்ள ஒரு வீட்டில் கூடி விளையாடுகிறார்கள். இவனுக்கு அவ்விளையாட்டு பழக்கமில்லாததால் இப்போது அவனை அழைப்பதில்லையாம். வாங்குவது பயனுள்ளதா, வீண் செலவா என்று கேட்டிருக்கிறார்.

இத்தகைய வினாவுக்கு 'குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்' என்று ஒரு வரியில் விடையளித்துவிடலாம். அது வினாவைத் தட்டிக்கழிப்பதாகும். வீட்டு உபயோகப் பொருள்களுக்கு எத்தகைய கணக்குப் போடுகிறோமோ, அதே கணக்கை இதற்கும் போட்டுப் பார்ப்போம்.

இந்த ஆசை மும்பைக்குப் புதிதன்று. 1990களில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்தவர்களுக்கு, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் 'டிவி கேம்' நினைவிலிருக்கும். ஜப்பானில் 1983ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கருவியின் பல்வேறு நகல்கள் இங்கே மலிவாக விற்கப்பட்டன. மாரியோவும் கான்ட்ராவும் அவற்றின் வழியாகவே நம் வீடுகளுக்குள் நுழைந்தன. கேசட் ஓடவில்லையெனில் அதன் அடிப்பகுதியில் வாயால் ஊதிச் செருகுவது அக்காலத்துப் பழுதுபார்ப்பு முறை. அன்றைய சிறுவர்கள் பலர் இன்று நெருளில் சிட்கோ குடியிருப்புகளிலும் பனைக் கடற்கரைச் சாலையோரத்து அடுக்ககங்களிலும் தந்தையராக இருக்கின்றனர். கடைக்காரரிடம் முதலில் வினவுவது பல வேளைகளில் மகன் அல்லன், தந்தையே என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு விலை நகரும் திசையில் இருக்கிறது. 'பொறுத்திருந்தால் விலை இறங்கும்' என்பது மின்னணுப் பொருள்களைப் பற்றிய பழைய அறிவுரை. கன்சோல்களைப் பொறுத்தவரை நெடுங்காலம் அது உண்மையாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 299 டாலருக்கு வெளிவந்த பிளேஸ்டேஷன் 2, 2009ஆம் ஆண்டில் 99 டாலருக்கு விற்றது. அதனுள் இருக்கும் சில்லுகள் ஆண்டுதோறும் சிறிதாகின. சிறிதானபோது தயாரிப்புச் செலவும் குறைந்தது. அந்த ஆதாயத்தில் ஒரு பங்கு வாங்குபவருக்கும் வந்து சேர்ந்தது.

இந்தத் தலைமுறையில் அவ்வாறு நிகழவில்லை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்தது. டிஸ்க் செருகும் வசதியுள்ள வகை 49,990 ரூபாய். டிஸ்க் இல்லாத டிஜிட்டல் வகை 39,990 ரூபாய். முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் இருப்பு தீர்ந்தது. அன்று கிடைக்காதவர்கள், 'ஓராண்டு பொறுத்தால் மலிவாகக் கிடைக்கும்' என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்கள். 2022 நவம்பரில் இரு வகைகளின் விலையும் 5,000 ரூபாய் உயர்ந்தது. 2024 ஏப்ரலில் வந்த மெலிந்த வடிவமும் 54,990, 44,990 என்னும் அதே உயர்ந்த விலையிலேயே வந்தது. அமெரிக்காவிலும் 2025ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டுமே விலை கூடின. சில்லுகளைச் சிறிதாக்குவது இப்போது செலவைக் குறைப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளுக்குப் போட்டியிடுகின்றன. நம் நாட்டைப் பொறுத்தவரை டாலரின் மதிப்பும் சேர்ந்துகொள்கிறது: 2021 தொடக்கத்தில் 73 ரூபாயளவில் இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது.

வரியில் மட்டும் ஒரு சலுகை கிடைத்தது. 2019 ஜனவரி 1 முதல் வீடியோ கேம் கன்சோல்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அது எப்போதோ விலையில் கரைந்துவிட்டது. ஆகவே, விலை இறங்கட்டும் என்று மட்டும் எண்ணிக் காத்திருப்பதில் இன்று பெரிய ஆதாயம் இல்லை. பண்டிகைக் காலங்களிலும் கோடை விடுமுறையிலும் சில ஆயிரம் ரூபாய் தள்ளுபடி கிடைக்கும், அவ்வளவே எதிர்பார்க்கலாம். காத்திருப்பதற்கு வேறு காரணங்கள் உள்ளன. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

கடையில் கொடுக்கும் 54,990 ரூபாயோடு செலவு முடிந்துவிடுகிறதா என்பதே முதன்மையான வினா. (இக்கட்டுரை முழுவதும் இவ்விலையையே கணக்குக்குக் கொள்கிறோம், வாசகர்கள் கடைக்குச் செல்லும் நாளின் விலையை அவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம்.) இருவர் சேர்ந்து ஆட இரண்டாவது கன்ட்ரோலர் வேண்டும்; அது ஏறத்தாழ 6,000 ரூபாய். பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டு ஒன்று 5,000 ரூபாயை ஒட்டி விற்கிறது. இணையவழி நண்பர்களுடன் ஆடுவதற்குப் பெரும்பாலான விளையாட்டுகளில் சந்தா கட்ட வேண்டும். பிளேஸ்டேஷனின் அடிப்படைச் சந்தா 2023 செப்டம்பர் உயர்வுக்குப் பின் ஆண்டுக்கு 3,949 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் அது 2,999 ரூபாய்.

ஆண்டுக்கு மூன்று புதிய விளையாட்டுகள் வாங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டுகளில் விளையாட்டுகளுக்கு 75,000 ரூபாய், சந்தாவுக்கு 19,745 ரூபாய், கன்ட்ரோலருக்கு 6,000 ரூபாய். பெட்டியின் விலையையும் சேர்த்தால் 1,55,735 ரூபாய் ஆகிறது. அதாவது கடையில் நாம் பேரம் பேசி, தள்ளுபடி கேட்டு, மூன்று கடை ஏறி இறங்கி வாங்கும் பெட்டி மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். கன்சோல் நிறுவனங்களின் வருவாய் பெட்டியில் இல்லை. தம் இணையக் கடையில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு அவர்களுக்குச் சேர்கிறது. அச்சுப்பொறியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து மைக்கு விலை வைப்பதைப் போன்றது இது.

இதே பெட்டியை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். டிஸ்க் வகையை வாங்கி, பழைய டிஸ்க் ஒன்றை 2,500 ரூபாய்க்கு எடுத்து, ஆடி முடித்தபின் 1,500 ரூபாய்க்கு விற்றால் ஒரு விளையாட்டின் நிகரச் செலவு 1,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று என்றாலும் ஐந்தாண்டுகளுக்கு 15,000 ரூபாய்தான். சந்தா இல்லாமல், அருகமர்ந்து ஆடும் விளையாட்டுகளோடு நிறுத்திக்கொண்டால் மொத்தச் செலவு 75,990 ரூபாய். முதற்கணக்கில் பாதிகூட இல்லை. டிஜிட்டல் வகை 10,000 ரூபாய் மலிவாயிற்றே என்று அதை வாங்குபவர்கள் இந்தக் கதவைத் தாமே மூடிவிடுகிறார்கள். அவர்கள் வாங்கும் விளையாட்டை விற்கவோ, அடுத்த வீட்டுப் பையனுக்கு இரவலாகக் கொடுக்கவோ இயலாது. நடுத்தரக் குடும்பம் வாங்குவதாயின் டிஸ்க் வகையே சிக்கனமானது என்பது நம் துணிபு.

அடுத்து, எத்தனை மணி நேரம்? மேற்சொன்ன 1,55,735 ரூபாய்க் குடும்பத்தில் அனைவருமாகச் சேர்ந்து வாரம் 10 மணி நேரம் ஆடினால், ஆண்டுக்கு 50 வாரமெனக் கொண்டு, ஐந்தாண்டுகளில் 2,500 மணி நேரம். மணிக்கு 62 ரூபாய். நான்கு பேர் சீவுட்ஸ் வணிக வளாகத்தில் ஒரு திரைப்படம் பார்த்து, இடைவேளையில் மக்காச்சோளப் பொரியும் வாங்கிவரும் செலவோடு ஒப்பிட்டால் இது மலிவே. ஆனால் வாங்கிய இரண்டாம் மாதமே ஆர்வம் குன்றி, வாரம் இரண்டு மணி நேரமே ஆடுகிறார்கள் என்று கொள்வோம். விளையாட்டையும் ஆண்டுக்கு ஒன்றே வாங்குகிறார்கள். மொத்தம் 1,05,735 ரூபாய். 500 மணி நேரம். மணிக்கு 211 ரூபாய். மொத்தச் செலவு குறைந்திருக்கிறது. ஒவ்வொரு மணியின் விலையோ மும்மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. உடற்பயிற்சிக்கென வாங்கித் துணி உலர்த்தும் கொடியாக மாறிய டிரெட்மில் உள்ள வீடுகளுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சியைப் பற்றியும் ஒரு சொல். புதிய கன்சோல்களின் சிறப்பெல்லாம் 4கே திரையில்தான் முழுமையாகத் தெரியும். வரவேற்பறையில் இருப்பது பழைய 32 அங்குலப் பெட்டியாயின் விளையாட்டு ஓடும். கொடுத்த விலைக்குரிய தோற்றம் இராது. ஓரிரு வாரங்களில் 'அப்பா, டிவியை மாற்றலாமே' என்னும் பேச்சு எழும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால் அப்பேச்சுக்கு வலுவும் கூடியிருக்கிறது. கன்சோலுக்கான வரவுசெலவைப் போடும்போதே இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அல்லது பழைய பெட்டியே போதும் என்று முன்கூட்டியே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும்.

மின்சாரம் அவ்வளவு அச்சத்துக்குரியதன்று. பெரிய விளையாட்டு ஆடும்போது இக்கருவி ஏறத்தாழ 200 வாட் இழுக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமெனில் மாதம் 12 யூனிட்; தொலைக்காட்சியோடு சேர்த்தால் 18 யூனிட் அளவில் ஆகலாம். மகாவிதரண் கட்டணத்தில் 100, 300, 500 யூனிட்டுகளில் படிநிலை மாறுவதால், ஏற்கெனவே 290 யூனிட் செலவாகும் வீட்டில் கடைசிச் சில யூனிட்டுகள் மேற்படியில் ஏறும். அதைவிட நெருள்வாசிகள் கவனிக்க வேண்டியது கழிமுகக் காற்று. மழைக்கால ஈரமும் உப்புக்காற்றும் தூசும் கன்சோலின் விசிறிக்குப் பகை. கதவு போட்ட டிவி அலமாரிக்குள் அழகாக வைத்துப் பூட்டினால் வெப்பம் வெளியேறாமல் இரண்டே ஆண்டில் பழுதாகக்கூடும்.

பணம் செலுத்தும் முறைக்கு வருவோம். கடையிலும் இணையத்திலும் 'வட்டியில்லாத் தவணை' என்னும் அறிவிப்பைக் காணாதவர் இல்லை. சுழிய வட்டி என்பதே நடைமுறையில் இல்லாத ஒன்று என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்றைய திட்டங்களில் வட்டி மறைவதில்லை. அதற்கு ஈடான தொகையை விற்பவர் விலையில் கழித்துக் கொடுக்கிறார். 54,990 ரூபாயை ஆறு தவணையாகக் கட்டினால் மாதம் 9,165 ரூபாய். ஆண்டு வட்டி 16 விழுக்காடு என்று கொண்டால் இதில் 2,478 ரூபாய் வட்டி. அவ்வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 446 ரூபாய். அதைக் கட்டுவது வாடிக்கையாளர்தாம். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235 ரூபாய். ஆக 681 ரூபாய் கூடுதலாகிறது. இது பெரிய தொகையன்று. ஆனால் முழுப்பணம் செலுத்துபவர்களுக்கு அதே நாளில் தனியே ஒரு தள்ளுபடி இருந்து, தவணையில் வாங்குவோருக்கு அது மறுக்கப்படுமானால், வட்டியில்லாத் தவணையின் உண்மை விலை அந்தத் தள்ளுபடியையும் சேர்த்ததே. பில் போடுமுன் இரண்டு விலையையும் கேட்டு எழுதிக்கொள்வது நலம்.

சந்தாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவை தானாகப் புதுப்பிக்கப்படுபவை, விலையும் நிலையானதன்று. எக்ஸ்பாக்ஸின் உயர்நிலைச் சந்தா 2025 அக்டோபரில் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாய் ஆனது. தானியங்கிப் பற்றுக்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிப்பதே பலரின் வழக்கம். அதிலேயே சந்தாவை நிறுத்துவதற்கான வழியும் இருக்கிறது. அன்றியும், கன்சோலில் அட்டை விவரத்தைச் சேமித்து வைத்தால் பிள்ளைகள் விளையாட்டுக்குள் நாணயமும் உடையும் வாங்குவது எளிதாகிவிடும். மகனுக்குத் தனிச் சிறுவர் கணக்கு அமைத்து அதில் மாதச் செலவு வரம்பிடலாம். வங்கிச் செயலியில் அட்டையின் பன்னாட்டுப் பரிவர்த்தனையை முடக்கியும் வைக்கலாம். கடையில் கிடைக்கும் பரிசு அட்டையின் மூலம் மட்டுமே பணம் சேர்ப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

பெற்றோர் சிலர் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தைச் சுட்டி, இவையும் தடைசெய்யப்பட்டவையா என்று கேட்கின்றனர். அச்சட்டம் தடுப்பது பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களை. கன்சோலில் ஆடும் கால்பந்தும் கார்ப் பந்தயமும் அவ்வகையைச் சேர்ந்தவையல்ல.

இனி நெருள் வாசகரின் வினா. அவர் மகனுக்கு வேண்டியது பெட்டியா, மாலை நேரத் தோழமையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. நண்பர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று அவனையே கேட்கலாம். அது ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டாயின் பழைய பிளேஸ்டேஷன் 4 போதும், சந்தாவும் தேவையில்லை, புதிய கருவி வைத்திருப்பவர்களோடும் சேர்ந்து ஆடலாம். பழைய பெட்டி புதியதன் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கும். ஆனால் அவர்கள் ஆடுவது இஏ நிறுவனத்தின் கால்பந்தாட்டமெனில் நிலைமை வேறு. அதில் பழைய தலைமுறைக் கருவியில் ஆடுபவர் புதிய தலைமுறைக் கருவியில் ஆடுபவரோடு இணையத்தில் சேர முடியாது. இதை அறியாமல் மலிவென்று பழையதை வாங்கிக் கொடுத்தால், பணமும் செலவாகிப் பையனும் வெளியிலேயே நிற்பான்.

ஒருவேளை எல்லாப் பையன்களையும்போல அவனும் 2026 நவம்பர் 19 அன்று வெளிவருவதாக அறிவிக்கப்பட்டுள்ள கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் ஆறாம் பகுதியை மனத்தில் வைத்திருந்தால், பெற்றோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய பகுதிக்கு ஐரோப்பியத் தர அமைப்பு வழங்கியது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான முத்திரை. பதினான்கு வயதுச் சிறுவனுக்காக அதன்பொருட்டு 55,000 ரூபாய் செலவிடுவதற்கு எந்தக் கணக்கும் துணைவராது.

போனஸ் பணம் மகளின் கட்டணத்துக்குச் செல்லட்டும் என்பதே நம் கருத்து. ஜூன் மாதம் என்பது நாள் குறித்த செலவு, கன்சோல் அவ்வாறன்று. அதற்காக மகனுக்கு 'இல்லை' என்னும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிய இன்னும் 16 மாதங்கள் உள்ளன. மாதம் 3,300 ரூபாய் வீதம் 16 மாதத் தொடர் வைப்பு தொடங்கினால், 6.5 விழுக்காடு வட்டியில், முடிவில் ஏறத்தாழ 55,200 ரூபாய் கையில் இருக்கும். பெட்டியின் விலை அப்படியே வந்துவிடுகிறது. அதில் 300 ரூபாய் மகனின் கைச்செலவுப் பணத்திலிருந்தும் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் உறவினர் கொடுப்பதிலிருந்தும் வரட்டும். 10 வயது நிறைந்த சிறுவர்கள் சேமிப்புக் கணக்கையும் வைப்புக் கணக்கையும் தாமே தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் மாத வழிகாட்டுதலில் மீண்டும் தெளிவுபடுத்தியுள்ளது. வரம்புகளை உங்கள் கிளையில் கேட்டறியலாம். தன் பெயரில் ஏறும் தொகையைப் பாஸ்புத்தகத்தில் பார்க்கும் பையன், 16ஆம் மாதத்தில் அதே பெட்டியைத்தான் கேட்பான் என்பதற்கு உறுதியில்லை. மடிக்கணினி கேட்கலாம், சைக்கிள் கேட்கலாம். கேட்பது எதுவாயினும் பணம் தயாராக இருக்கும்.

இடைப்பட்ட மாலைகளுக்கு என்ன வழி? இது பண விவகாரமன்று. எனினும் சொல்லாமல் விட மனமில்லை. நண்பர் கூட்டத்தை மாதத்தில் ஒரு ஞாயிறு தம் வீட்டுக்கு அழைக்கலாம். மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடவிடும் கேமிங் கஃபே அருகில் இருந்தால், தந்தையும் உடன்சென்று இரண்டு மணி நேரம் ஆடிப் பார்க்கலாம். சில நூறு ரூபாயில், இந்த ஆர்வம் நிலைக்கக்கூடியதா என்பது இருவருக்குமே தெரிந்துவிடும்.

காத்திருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006இல், நான்காவது 2013இல், ஐந்தாவது 2020இல். இம்மூன்றுக்கும் இடையே ஏழேழு ஆண்டு இடைவெளி இருந்திருக்கிறது. இனியும் அவ்வாறே நிகழும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் இன்று வாங்குபவர் ஒரு தலைமுறையின் பிற்பகுதியில் வாங்குகிறார் என்பது தெளிவு. இதில் இழப்பு மட்டுமில்லை. ஐந்தாண்டுகளில் வெளிவந்த நல்ல விளையாட்டுகள் அனைத்தும் தள்ளுபடி விலையிலும் பழைய டிஸ்க்குகளாகவும் குவிந்து கிடக்கின்றன. முந்திய தலைமுறை விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவையும் இதில் ஓடும். புதியது வெளிவந்த வாரமே வாங்கியாக வேண்டும் என்னும் பரபரப்பு இல்லாத வீட்டுக்கு இது நல்ல காலமே. ஒரு தலைமுறை முடிந்தாலும் பழையது உடனே சாவதில்லை. பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. டொரண்டோவைச் சேர்ந்த விசாய் கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டு, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் எப்படிச் செய்வது என்று ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். வளரும் மகனுக்கும் தாய்மொழிக்கும் இடையே விழும் விரிசல் அதன் உள்ளீடு. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் அது பெற்றது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விலையும் பெரிய விளையாட்டுகளில் ஒரு சிறு பங்கே. அதை ஆட 55,000 ரூபாய்ப் பெட்டி வேண்டாம். வீட்டிலிருக்கும் சாதாரணக் கணினியே போதும். தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் நெருளுக்கு வந்து, பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் அதை மகனோடும் மகளோடும் சேர்ந்து ஆடிப் பார்க்கலாம். புனேயில் உருவான 'ராஜி'யும் இவ்வாறே கணினியில் கிடைக்கிறது.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் இறுதியாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நின்டெண்டோவின் கருவிகள் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. 2025 ஜூன் 5 அன்று உலகெங்கும் வெளியான ஸ்விட்ச் 2, லாமிங்டன் சாலைக் கடைகளில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதியே. 2024 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5 புரோவும், அதன் கம்பியில்லாத் தொடர்பு பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கு அனுமதியில்லாததால், இந்தியாவில் வெளியிடப்படவில்லை. துபாயிலிருக்கும் உறவினர் வாங்கி வருகிறேன் என்றால், சுங்க வரம்பையும், இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதையும் கேட்ட பின்னரே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் விற்பவரின் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். விசிறியின் ஓசை, டிஸ்க் படிக்கும் வேகம், கன்ட்ரோலரின் குமிழ் தொடாமலே நகர்கிறதா என்பன அந்த அரை மணியில் தெரிந்துவிடும். பழைய உரிமையாளரின் கணக்கு முற்றிலும் நீக்கப்பட்டிருக்கிறதா, பெட்டியின் மேலுள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். புதிது வாங்குபவர்கள் ஜிஎஸ்டி பில்லைப் படமெடுத்து வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியைப் பரண்மேல் போடுவது நல்லது. மூன்றாண்டு கழித்து விற்கும்போது பெட்டியோடு கொடுப்பவருக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கிடைக்கும்.